நான் வரிசைப்படுத்திய ஒன்பது கேள்விகள்

1974-ஆம் ஆண்டு, நவம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. இடம், சித்தூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் மாடி அறை. அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. அதே ஊரில் ஒரு மிஷன் பள்ளியின் தமிழ்ப் பிரிவில் கணக்கு டீச்சராக இருந்தேன். ஐந்து ஆண்டு முடிந்தும் வேலை நிரந்தரமாகவில்லை. உத்தரவு எந்த வாரமும் வரலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்றன்று நடப்பதை அன்றே எழுதிவைப்பது என் பழக்கம்; அதனால் நேரத்தையும் எண்ணிக்கையையும் தப்பில்லாமல் சொல்ல முடியும்.

அந்த வருஷம் கிராமத்துப் பள்ளிகளில் ஏழாவது படிக்கும் பிள்ளைகளுக்கு, மாவட்டம் முழுக்க ஒரே நாளில் ஒரு திறனறி தேர்வு வைத்தார்கள். நூறு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு விடை. விடைத்தாளில் கேள்வி எண்ணுக்கு நேராக நான்கு கட்டம் இருக்கும். சரியான விடை எத்தனையாவதோ அந்தக் கட்டத்தில் பெருக்கல் குறி போட வேண்டும். முதல் நாற்பது இடத்துக்குள் வரும் பிள்ளைகள் பத்தாவது முடியும்வரை விடுதியில் தங்கிச் செலவில்லாமல் படிக்கலாம். பக்கத்தில் உயர்நிலைப் பள்ளியே இல்லாத ஊர்களில், ஏழாவதோடு படிப்பை நிறுத்திவிடுவதுதான் வழக்கம். பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். ஆக, அந்த நாற்பதுக்குள் வருவதும் வராததும் ஒரு பிள்ளையின் வாழ்க்கையையே மாற்றும்.

கேள்வித்தாளைத் தெலுங்கில் அச்சடித்திருந்தார்கள். பாலசமுத்திரம், சாந்திபுரம் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிகளுக்கு நூற்றுச் சொச்சம் பிரதிதான் வேண்டும். அதற்காக அச்சகம் பிடிக்க முடியாது என்று, கையால் சுற்றிப் பிரதி எடுக்கும் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். தமிழாக்கி, ஸ்டென்சில் தாளில் கையால் எழுதிக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்று பெயர். எங்கள் பள்ளி நகரத்துப் பள்ளி என்பதால் எங்கள் பிள்ளைகள் யாரும் அந்தத் தேர்வு எழுதவில்லை. என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் காரணம். "கேள்வி வரிசை மாறக் கூடாது" என்று ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்கள். நான் மாற்றவில்லை. முதல் கேள்வி முதல் நூறாவது வரை தெலுங்குத் தாளில் உள்ளபடியே எழுதினேன். இரண்டு தடவை சரிபார்த்தேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

பிள்ளைகள் தேர்வு எழுதி முடித்த இரண்டாம் வாரம், வெள்ளியும் சனியும் விடைத்தாள் திருத்தும் முகாம். அதற்கும் என்னைப் போட்டிருந்தார்கள். எட்டு ஆசிரியர்கள். எங்களுக்குத் தலைவி, திருப்பதியிலிருந்து வந்த ஒரு தலைமையாசிரியை. கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம். விடிவதற்குள் குளித்துத் திருமண் இட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். எல்லோருக்கும் அவர் எச்.எம். அம்மா.

திருத்தும் முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. விடைத்தாள் அளவுக்கு ஓர் அட்டை. சரியான விடைக்கான கட்டம் எங்கே வருமோ அங்கே மட்டும் ஓட்டை. அட்டையைத் தாள்மேல் வைத்தால், எத்தனை ஓட்டையில் பெருக்கல் குறி தெரிகிறதோ அத்தனை மதிப்பெண். வாதாட இடமில்லை, கருணைக்கு இடமில்லை. ஒரு தாளுக்கு ஒரு நிமிஷம் போதும். தெலுங்கானாலும் தமிழானாலும் விடைத்தாள் ஒன்றுதான், அட்டையும் ஒன்றுதான்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் வடமாலபேட்டைப் பக்கத்து ஊராட்சிப் பள்ளி வாத்தியார் ஒருவர். முப்பத்தைந்து வயது இருக்கும். வாய் ஓயாது. தெலுங்கு வாத்தியாராக இருந்தாலும் எங்கள் பக்கத்துத் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வெள்ளிக்கிழமை மத்தியானம் தமிழ்ப் பிள்ளைகளின் கட்டு என் கைக்கு வந்தது. நூற்றுப் பதினெட்டுத் தாள். நான் பெருமையோடு முதல் தாளை எடுத்தேன். ஐம்பத்தொன்று. அடுத்தது நாற்பத்தேழு. மொழியிலும் பொது அறிவிலும் நன்றாகவே இருந்தது. கணக்குக்கு வந்ததும் விழுந்துவிடுகிறது.

"இன்னா டீச்சரம்மா, தமிழ்ப் பசங்க கணக்குல புலின்னு காலைலேர்ந்து சொல்லிக்கினே இருந்தீங்க, புலி புல்லு துன்னுதா?" என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அவர்மேல் கோபப்பட முடியாமல் பிள்ளைகள்மேல் கோபப்பட்டேன். "வாய்ப்பாட்டையே ஒழுங்காச் சொல்லித் தரலை போலிருக்கு சார்" என்று முகம் தெரியாத வாத்தியார்களையும் சேர்த்துத் திட்டினேன். அந்த வாக்கியத்தையும் அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். இன்று படித்தாலும் முகம் சுடுகிறது.

சனிக்கிழமை காலை பதினொன்றரைக்கு எல்லாம் முடிந்தது. முதல் நாற்பது எண்களைப் பொறுக்கி எடுத்து, கையெழுத்து அழகுக்காக என்னையே பட்டியல் எழுதச் சொன்னார்கள். நாற்பதில் தமிழ்ப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனால் அவரவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஹால் டிக்கெட் கொடுத்தவர்கள் என்பதால் ஊராட்சிப் பள்ளி வாத்தியார்களுக்குத் தங்கள் எண்கள் மனப்பாடம். நான் முப்பத்தெட்டாவது எண்ணை எழுதியபோது என் தோளுக்குப் பின்னால் ஒரு மூச்சு நின்றது.

"நிஜமா? இன்னொரு தபா படிங்க."

படித்தேன். வடமாலபேட்டை வாத்தியார் விறுவிறுவென்று படியிறங்கிப் போனார். கால் மணி நேரத்தில் ஒரு பொட்டலம் ஜிலேபியோடு திரும்பினார். அவர் பள்ளியிலிருந்து இதுவரை எந்தத் தேர்விலும் ஒரு பிள்ளை தேறியதில்லையாம். இந்தப் பெண்ணின் அப்பா சாலை வேலைக்கு ஜல்லி உடைப்பவர். வருகிற கோடையோடு அவளையும் கூட அழைத்துக்கொண்டு போவதாக இருந்தாராம்.

"ஊர்ல இன்னும் மூச்சு விடல டீச்சரம்மா. லிஸ்டுல அம்மா கையெழுத்துப் போடட்டும், அப்புறம் சொல்லணும். துன்னுங்க, துன்னுங்க, இன்னொண்ணு எடுங்க."

நானும் தின்றேன். கையெல்லாம் பாகு. கழுவாமல் பட்டியலைத் தொட்டால் அழுக்காகிவிடும். குழாயடியில் கூட்டம். காத்திருக்கும்போது மேஜைமேல் கவிழ்ந்து கிடந்த ஒரு விடைத்தாளைப் பார்த்தேன். பின்பக்கம் கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொள்ள இடம் விட்டிருந்தார்கள். மதிப்பெண்ணுக்குச் சம்பந்தம் இல்லாததால் நாங்கள் யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. மூலையில் பாலசமுத்திரத்துத் தேர்வு மையத்தின் முத்திரை. ஒரு பிள்ளை பென்சிலால் அடக்கமாக எழுதியிருந்தது: 9 பெருக்கல் 16, 144. கழித்தல் 12. 132.

எனக்கு அந்தக் கேள்வி தெரியும். தோப்பில் ஒன்பது வரிசை, வரிசைக்குப் பதினாறு மாங்கன்று, பன்னிரண்டு பட்டுப்போயிற்று, மீதி எத்தனை. 132 சரி. தாளைத் திருப்பினேன். இரண்டாவது கட்டத்தில் குறி. நான் தப்பு என்று விட்டிருந்தேன். அட்டையில் முதல் கட்டத்தில்தான் ஓட்டை. கணக்கைச் சரியாகப் போட்ட பிள்ளை கட்டத்தைத் தப்பாகப் போடுமா? கேள்வித்தாள் கட்டிலிருந்து தெலுங்குத் தாளை உருவினேன். 132, 156, 128, 144. தமிழ்த் தாளை உருவினேன். என் கையெழுத்து, முத்து முத்தாக: 128, 132, 144, 156.

என்ன செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தெலுங்குத் தாளில் விடைகள் தாறுமாறாகக் கிடந்தது எனக்குப் பொறுக்கவில்லை. எண் என்றால் சிறியதிலிருந்து பெரியதாக இருக்க வேண்டாமா? பிள்ளைகளுக்குத் தேட வசதியாக இருக்குமே என்று, கணக்குப் பகுதியில் ஒன்பது கேள்விகளின் விடைகளை ஏறுவரிசைக்கு மாற்றி எழுதியிருந்தேன். கேள்வி வரிசையை மாற்றாதே என்றார்கள். விடை வரிசையை யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் ஒரே அட்டை என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்த பிறகும், நூற்றுப் பதினெட்டுத் தாள்மேல் அந்த அட்டையை வைத்து எடுத்தபோதும், எனக்குச் சந்தேகம் வரவில்லை. பிள்ளைகளைத்தான் சந்தேகித்தேன்.

மணி பன்னிரண்டேகால். பட்டியல் என் முன்னால். கையெழுத்தானதும் உறையில் போட்டு அரக்கு வைப்பார்கள். ஐந்து மணிக்கு ஆபீஸ் ஆள் வந்து வாங்கிப் போவான். அதன் பிறகு அந்தத் தாள்களை யாரும் பார்க்கப்போவதில்லை. மறைத்தால் யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். வந்தது. நிரந்தர உத்தரவும் நினைவுக்கு வந்தது. இந்த நேரத்தில் ஒரு மெமோ வந்தால் ஐந்து வருஷமும் போச்சு. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்பது மட்டும் நாட்குறிப்பில் இல்லை. விரலில் பாகு காய்ந்து இறுகியிருந்தது, அது நினைவிருக்கிறது.

எழுந்து எச்.எம். அம்மாவிடம் போனேன். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வேறுபாட்டை விரலால் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இப்படி எத்தனை?"

"ஒன்பது கேள்விம்மா."

"மொதல்ல உக்காரு. அழாதே, தாள்ல சொட்டப் போறது." இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "உன்மேல தப்புதான். ஆனா தெலுங்குத் தாளையும் தமிழ்த் தாளையும் ஒத்துப் பாத்தேன்னு கையெழுத்துப் போட்டது நானாக்கும். உன் எழுத்தோட அழகைப் பாத்துட்டு, பாக்காமயே போட்டேன். ரெண்டு பேரும் சேந்து வாங்கிக்கலாம், வா."

அறைக்கு நடுவில் நின்று அவரே சொன்னார். தமிழ்த் தாள்கள் நூற்றுப் பதினெட்டுக்கும் கணக்குப் பகுதியைப் புது அட்டை வைத்து மறுபடி திருத்த வேண்டும், மொத்தம் மாறும், பட்டியல் மாறும், ஐந்து மணிக்குள். ஒருவர் மதனப்பள்ளி பஸ்ஸுக்கு மூட்டை கட்டியிருந்தார். "ஆவிட, இந்த டீச்சரம்மா, செஞ்ச தப்புக்கு நாங்க ஏம்மா பட்டினி கெடக்கணும்? மாட்லாடினா, பேசினா, நியாயம் இருக்கணும்" என்று தெலுங்கும் தமிழுமாகக் கத்தினார். இன்னொருவர், "கையெழுத்து ஆவற நேரத்துல இன்னா இது" என்று பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது 'டக்' என்று ஒரு சத்தம். வடமாலபேட்டை வாத்தியார் வெற்று அட்டை ஒன்றை எடுத்து வைத்து, ஓட்டை போடும் இடுக்கியால் முதல் துளையைப் போட்டிருந்தார். "நம்பர் சொல்லுங்க டீச்சரம்மா. அம்பத்தாறாவது கேள்விக்கு எத்தனாவது கட்டம்?"

நான் அவர் பக்கத்தில் போய், மெதுவாக, "சார், உங்க பொண்ணு முப்பத்தெட்டாவது. மேல மூணு பேர் வந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"கூட்டல் எனக்கும் வரும். கட்டத்தச் சொல்லுங்க."

சொன்னேன். அவர் போட்டார். ஒவ்வொரு துளைக்கும் அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, பிசிரை நகத்தால் எடுத்தார். போட்டு முடித்ததும் தெலுங்குத் தாளையும் தமிழ்த் தாளையும் என் கையில் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார். பிறகு இன்னொருவரிடம் கொடுத்தார். மதனப்பள்ளிக்காரர் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். யாரும் சாப்பிடப் போகவில்லை.

பழைய அட்டையில் தற்செயலாகக் கிடைத்த மதிப்பெண்ணும் இருந்தது; சில பிள்ளைகளுக்கு ஒன்று இரண்டு குறையவும் செய்தது. ஆனால் பெரும்பாலும் ஏறியது. மாங்கன்றுக் கணக்கின் பிள்ளைக்கு ஒரேயடியாக எட்டு மதிப்பெண் ஏறிற்று. ஒருவர் திருத்தியதை இன்னொருவர் மறுபடி பார்த்தோம். நாலே காலுக்கு முடிந்தது. மூன்று தமிழ்ப் பிள்ளைகள் நாற்பதுக்குள் வந்தார்கள். பாலசமுத்திரத்திலிருந்து இருவர், சாந்திபுரத்திலிருந்து ஒருவர். மாங்கன்றுப் பிள்ளைக்குப் பதினோராவது இடம்.

நான் புதுப் பட்டியல் எழுத, வடமாலபேட்டை வாத்தியார் எண்களை வாசித்தார். முப்பத்தொன்பது. நாற்பது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. நாற்பத்தொன்றாவதாக இருந்த எண்ணையும் அதே குரலில், முழுசாக வாசித்தார். அது அவர் பள்ளிப் பெண்ணின் எண். நான் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அவரைப் பார்த்தேன்.

"அத்த எழுத வாணாம். கோடு போடுங்க."

நான் கோடு போட்டேன். அந்தக் கோடு மட்டும் நேராக வரவில்லை. அவர் வாசித்த தாளைக் கீழே வைத்தார். "அப்போ என் ஜிலேபியத் திருப்பிக் குடுங்க எல்லாரும்." ஒரு நொடி யாருக்கும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. எச்.எம். அம்மா முதலில் சிரித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பட்டியலோடு அவர் ஒரு குறிப்பும் வைத்தார். தமிழ்ப் பிரதியில் விடை வரிசை வேறுபட்டிருந்தது, திருத்தும்போது சரிசெய்யப்பட்டது என்று இரண்டு வரி. என் பெயரை எழுதவில்லை. பொறுப்பாளர் என்று தன் பெயரைத்தான் எழுதினார். பட்டியலிலிருந்து இறங்கிய மூன்று பிள்ளைகளுக்கும் இடம் தர முடியுமா என்று தனியாகவும் எழுதிக் கேட்டார். இடம் நாற்பதுதான் என்று பதில் வந்தது.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, புத்தூர் போய் பஸ் மாறி அந்தப் பள்ளிக்குப் போனேன். வாத்தியார் என்னைப் பார்த்ததும், "இன்னா டீச்சரம்மா, இன்ஸ்பெக்ஷனா?" என்றார். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, என்னை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது. லிஸ்டுல வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ரேங்க் வரல, நல்லாத்தான் எழுதியிருக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க இப்போ சொல்லிட்டு, மனசுல இருக்கறத எறக்கி வச்சிட்டு, மூணு மணி பஸ்ஸுல பூடுவீங்க. அத யாரு சொமக்கறது?"

வருத்தத்தைச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று கிளம்பி வந்ததும், விடைகளை வரிசைப்படுத்தி எழுதியதும் ஒரே புத்திதான் என்று அப்போது உறைத்தது. எனக்கு நிம்மதி தருவது மற்றவர்களுக்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்ற புத்தி.

அதற்குள் அந்தப் பெண்ணே ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒல்லியாக, எண்ணெய் வழியும் இரட்டைச் சடையோடு இருந்தாள். சித்தூர் கணக்கு டீச்சர் என்று வாத்தியார் சொன்னதும் அவள் முகம் மாறியது. தெலுங்கில் கேட்டாள், அந்தப் பரீட்சையில் மாங்கன்றுக் கணக்குக்கு விடை நூற்று முப்பத்திரண்டுதானே என்று. ஆமாம் என்றேன். 'நான் சொன்னேன் பாத்தீங்களா' என்பதுபோல அவள் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தாள். நான் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஜூனில் வாத்தியாரே மூன்று முறை அவள் வீட்டுக்கு நடந்து, அப்பாவைச் சம்மதிக்கவைத்து, அவளைப் புத்தூரில் எட்டாவது சேர்த்தார். தினம் பஸ்ஸில் போய்வந்து பத்தாவது தேறினாள். அவர் எனக்கு அனுப்பிய கார்டில் கணக்கு மதிப்பெண் மட்டும் இருந்தது: 91. அதன் பிறகு அவருக்கு மாற்றலாகிப் போனதில் தொடர்பு விட்டுவிட்டது. எனக்கு நிரந்தர உத்தரவு அடுத்த மார்ச்சில் வந்தது. அதைப் பிரித்தபோது நான் எதிர்பார்த்த அளவுக்குச் சந்தோஷம் வரவில்லை என்று நாட்குறிப்பு சொல்கிறது.

இன்று எனக்கு நாற்பத்தெட்டு வயது. எத்தனையோ தேர்வுப் பட்டியல்களை எழுதியாகிவிட்டது; இப்போதும் ஒவ்வொரு பட்டியலின் அடியிலும் கோடு போடுவதற்கு முன், அந்தக் கோட்டுக்குக் கீழே முதலில் நிற்கப்போகும் எண்ணை ஒருமுறை வாய்விட்டு முழுசாகப் படித்துவிட்டுத்தான் போடுகிறேன்.